படைக்கு முன் நாடு: புறநானூற்று அறிவுரைப் பாடல்களிலும் திருக்குறள் பொருட்பாலிலும் போரும் அரசின் இலக்கும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு நாடு எதனை வேண்டுகிறது என்பதும், அதன் படை எங்கே, எப்போது, யாரோடு பொருகிறது என்பதும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்பது இன்றைய போரியலின் அடிப்படைக் கருத்து. பண்டைத் தமிழ் நூல்களுள் இப்பொருத்தம் எவ்வாறு எண்ணப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பியப் புறத்திணையியல், புறநானூற்றில் அரசர்க்கு அறிவுரையாக அமைந்த சில பாடல்கள், திருக்குறள் பொருட்பாலின் அதிகார வைப்புமுறை ஆகிய மூன்றும் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. போர் வேண்டுமா என்னும் வினாவைத் திருக்குறள் படையைப் பற்றிய அதிகாரங்களில் வைக்காமல் அரசனுக்குரிய அதிகாரங்களில் வைத்துள்ளது என்பதும், அவ்வைப்பு பொருள் பொதிந்தது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

குறிப்புச் சொற்கள்: புறத்திணை, வஞ்சி, தும்பை, தெரிந்துசெயல்வகை, படைமாட்சி, கௌடிலீயம்.

முன்னுரை

பிரஷ்ய நாட்டுப் படைத்தலைவர் கிளாஸ்விட்ஸ் எழுதிய போரியல் நூல் அவர் மறைவுக்குப் பின் 1832இல் வெளிவந்தது. போர் என்பது அரசியலின் நீட்சியே என்பது அந்நூலின் பெயர்பெற்ற கருத்து. அரசு ஓர் இலக்கை வரையறுக்கிறது. அவ்விலக்கை அடையும் வழிகளுள் ஒன்றாகப் போரைத் தேர்கிறது. படை அத்தேர்வை நிறைவேற்றுகிறது. இவ்வரிசை தலைகீழாகும்போது, அதாவது படையின் ஆற்றலே அரசின் இலக்கைத் தீர்மானிக்கத் தொடங்கும்போது, வென்ற போரும் நாட்டுக்கு இழப்பாகிவிடும்.

தமிழ்ப் புற இலக்கியத்தைப் பற்றி இருவகைப் பொதுக் கருத்துகள் வழங்குகின்றன. புறப்பாடல்கள் போரைப் போர் என்பதற்காகவே போற்றுவன என்பது ஒன்று. திருக்குறள் போரை விலக்கும் அறநூல் என்பது மற்றொன்று. இரண்டும் பாதி உண்மையே. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த நாளிலிருந்து வீரப் பாடல்கள் பெற்ற கவனத்தை, அதே தொகையில் போரின் பயனை ஐயுற்று வினவும் பாடல்கள் பெறவில்லை. அவ்வாறே பொருட்பாலின் தனிக் குறள்கள் பெற்ற கவனத்தை அவற்றின் வைப்புமுறை பெறவில்லை. இரண்டையும் சேர்த்துக் காணும்போது வேறொரு தோற்றம் புலப்படுகிறது.

திணை வகுப்பில் போரின் நோக்கம்

புறத்திணையியல் போரை வருணிப்பதோடு நில்லாமல் அதன் நோக்கத்தையும் வரையறுக்கிறது. வஞ்சித்திணைக்கு மண்மேற் கொண்ட விருப்பமே அடிப்படை. அவ்விருப்பம் உடைய வேந்தன்மேல் மற்றொரு வேந்தன் அவன் அஞ்சும்படி படையெடுத்துச் செல்வது அத்திணை. தும்பைக்கு மண் அடிப்படையன்று. வலிமையைக் காட்டுவதையே பொருளாகக் கருதி வந்தவனை எதிர்சென்று அழிப்பது அது. ஒரே களம், ஒரே படைக்கலம், ஒரே வகைச் சாவு. ஆயினும் நோக்கம் வேறாதலால் திணையும் வேறாகிறது. போரை அதன் நோக்கத்தால் பகுக்கும் இம்முறை கருதத்தக்கது. தும்பையில் வலிமையே இலக்கும் ஆகிறது, கருவியும் ஆகிறது. பின்னர் எழும் சிக்கல் அனைத்துக்கும் வித்து இங்கேயே உள்ளது.

வெட்சித்திணையில் மற்றொரு நுட்பம் உண்டு. ஆநிரை கவரச் செல்வோரைத் தொல்காப்பியர் வேந்தனால் விடுக்கப்பட்டவர் என்றே குறிக்கிறார். கவர்ந்த நிரையைப் பேணிக் காத்தலும் அவர் தரும் இலக்கணத்துள் அடங்கும். ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையோ வெட்சியை மன்னுறு தொழில், தன்னுறு தொழில் என இரண்டாக்குகிறது. முன்னது அரசன் ஏவலால் நிகழ்வது. பின்னது மறவர் தம் விருப்பத்தால் தாமே செல்வது. படையின் செயலுக்கு அரசின் ஆணை வேண்டும் என்பது முதல் நூலின் நிலை. ஆணையின்றி நிகழ்வதும் உலகியலில் உண்டு என ஏற்று அதற்கும் இடமளிப்பது பின்னூலின் நிலை. இவ்வேறுபாட்டை இலக்கண வளர்ச்சி என்று மட்டும் கூறி அமைவது போதாது. படைக்கலம் ஏந்தும் உரிமை யாரிடம் உள்ளது என்னும் வினாவுக்கு இரு நூல்களும் வெவ்வேறு விடை தருகின்றன.

புலவர் எழுப்பிய வினா

சோழர் குடியினர் இருவர், நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும், தம்முள் பகைத்த காலத்தில் கோவூர்கிழார் பாடிய பாடல்கள் இவ்வாய்வுக்கு முதன்மையானவை. ஆவூர் முற்றுகையின்போது கோட்டைக் கதவை அடைத்து உள்ளே இருந்த நெடுங்கிள்ளியை நோக்கி எழுந்தது 44ஆம் பாட்டு. கோட்டையுள் யானைகள் நீராட்டும் கவளமும் இன்றிப் பெருமூச்செறிகின்றன. பாலின்றிக் குழந்தைகள் அலறுகின்றன. மகளிர் கூந்தல் பூவின்றி வெறுமையாகிறது. நீரற்ற மனைகளில் அழுகை ஒலிக்கிறது. இவற்றைக் காட்டிய பின் புலவர் அரசன் முன் இரண்டு வழிகளை வைக்கிறார். அறவழி நிற்பவனாயின் நகர் உனதே என்று சொல்லிக் கதவைத் திறக்கலாம். மறவழி நிற்பவனாயின் போர் செய்யத் திறக்கலாம். இரண்டும் இன்றி மதிலின் ஒரு பக்கத்தே ஒடுங்கியிருப்பது நாணத்தக்கது என்கிறார்.

இப்பாட்டை வீரத்தைத் தூண்டும் பாட்டாகக் கொள்வாரும் உளர். ஆனால் புலவர் போரை மட்டும் கேட்கவில்லை. நகரை ஒப்படைப்பதையும் அதற்கு நிகரான வழியாக, சொல்லப்போனால் முதல் வழியாகவே, வைக்கிறார். அவர் கடிவது கோழைமை ஒன்றை மட்டுமன்று. மதில் காத்தல் என்பது ஒரு கருவி. அது எந்த முடிவை நோக்கியும் செல்லாதபோது, அதன் செலவு முழுவதும் குழந்தைகள்மேலும் மகளிர்மேலும் விழுகிறது. உள்ளிருப்பவன் காப்பதாக எண்ணும் நாடே அவன் காவலால் அழிகிறது.

அடுத்த பாட்டில் (45) உறையூர் முற்றுகை. முற்றியவனையும் அடைத்திருந்தவனையும் ஒருங்கே நோக்கி அவர் பேசுகிறார். எதிர்த்து நிற்பவன் சேரனுக்குரிய பனந்தோடோ பாண்டியனுக்குரிய வேம்போ சூடியவன் அல்லன். இருவர் கண்ணியும் சோழர்க்குரிய ஆத்தியே. ஒருவர் தோற்பினும் தோற்பது அக்குடியே. இருவரும் வெல்லுதல் இயற்கையன்று. இப்பகை பிற வேந்தர்க்கே மெய்ம்மலி உவகை தரும் என்று முடிக்கிறார். கணக்கு மிக எளியது. வெற்றியின் பயனை அடையும் குடியும் தோல்வியின் இழப்பை ஏற்கும் குடியும் ஒன்றாயின், அப்போரில் எந்த வெற்றியும் இலக்கை எட்டாது. களத்தில் யார் வலியர் என்பதைக் கோவூர்கிழார் ஒரு சொல்லாலும் ஆராயவில்லை என்பது நோக்கத்தக்கது.

வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனிடம் பாடிய 35ஆம் பாட்டு இதனை வேறு திசையிலிருந்து அணுகுகிறது. விளைநிலத்தின் பழைய வரிப்பாக்கியை நீக்கப் பாடியது அது. அரசனின் வெண்குடை வெயில் மறைக்க எடுத்தது அன்று, குடிகளின் துயர் மறைக்க எடுத்தது என்றும், பொருகின்ற படை ஈட்டும் வெற்றி உழுகின்ற படையின் சாலில் விளைந்த பயனே என்றும் அவர் கூறுகிறார். உழவைக் காத்துக் குடியைக் காத்தால் அடங்காத பகைவரும் அடிபணிவர் என்பது அவர் காட்டும் காரண வரிசை. வரி நீக்கத்தைக் கேட்கும் ஒரு விண்ணப்பத்தை வெற்றிக்கான வழியாக மாற்றி அரசன் முன் வைத்தது சொல்வன்மை மட்டுமன்று. படையின் வேர் எங்குள்ளது என்ற தெளிவும் ஆகும்.

குடபுலவியனாரின் 18ஆம் பாட்டு இன்னும் விரிவானது. பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு மூன்று வேட்கைகள் இருக்கலாம் எனப் புலவர் வரிசைப்படுத்துகிறார். மறுமைச் செல்வம் ஒன்று; பிற வேந்தரின் தோள்வலியை அழித்துத் தனி அரசனாதல் ஒன்று; நிலைத்த புகழ் ஒன்று. இம்மூன்றுக்கும் அவர் கூறும் வழி ஒன்றே: பள்ளமான நிலத்தில் நீரைத் தேக்குதல். உணவு நிலத்தோடு நீர் சேர்ந்தால் வருவது. உடம்பு உணவால் ஆவது. ஆகவே நீரையும் நிலத்தையும் சேர்த்தவர் உடம்பையும் உயிரையும் படைத்தவர் ஆகிறார். வானை நோக்கியிருக்கும் புன்செய் எவ்வளவு அகன்றதாயினும் ஆள்பவன் முயற்சிக்குப் பயன்படாது என்பதும் அவர் கூற்று. மண் விருப்பத்தை அடிப்படையாகக் கொண்ட வஞ்சித்திணைக்கு இது நேரான மறுப்பு. கைப்பற்றும் பரப்பு இலக்கன்று. விளைவிக்கும் பரப்பே இலக்கு. தலையாலங்கானத்தில் எழுவரை வென்ற களத்தை அடுத்த பாட்டில் (19) பாடுபவரும் இதே புலவர் ஆதலால், அவரைப் போர் அறியாதவர் என ஒதுக்கிவிட இயலாது.

திருக்குறளின் வைப்புமுறை

புலவர் தனித்தனிச் சூழலில் எழுப்பிய வினாவைத் திருவள்ளுவர் நூலமைப்பாகவே ஆக்கியுள்ளார். பரிமேலழகர் கொண்ட பகுப்பின்படி அரசியல் 39 முதல் 63 வரையுள்ள அதிகாரங்கள். இதனுள் தெரிந்துசெயல்வகை (47), வலியறிதல் (48), காலமறிதல் (49), இடனறிதல் (50) என நான்கு அதிகாரங்கள் தொடர்ந்து நிற்கின்றன. படையெடுக்கலாமா, யாருடைய வலி எவ்வளவு, எப்போது, எங்கே என்ற நான்கு வினாக்களும் இந்நாற்பது குறள்களில் அடங்கிவிடுகின்றன. படைமாட்சியும் படைச்செருக்கும் அங்கவியலில் 77, 78ஆம் அதிகாரங்களாக மிகவும் பின்னே வருகின்றன.

அவ்விரு அதிகாரங்களின் இருபது குறள்களையும் ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை வெளிப்படும். யாரோடு பொருவது, எதற்காகப் பொருவது, எப்போது நிறுத்துவது என்பன பற்றி அவற்றுள் ஒரு குறளும் இல்லை. வந்த போரைத் தாங்கும் வகையறிந்து மேற்செல்வது தானை என்னும் குறள் (767) ஒன்றே போர்முறையைத் தொடுகிறது. அதுவும் களத்துள் நிகழும் முறையை மட்டுமே. ஏனையவை படையின் பண்பையும் வீரனின் மனநிலையையும் கூறுவன. மறம், மானம், மாண்ட வழிச்செலவு, தேற்றம் என்ற நான்கும் படைக்குக் காவல் என்கிறார் (766). படையிடம் திருவள்ளுவர் கேட்பது தகுதி, முடிவு அன்று. முடிவு எடுக்கும் இடம் வேறு.

அம்முடிவு எவ்வாறு எடுக்கப்படுகிறது? தெரிந்துசெயல்வகையின் முதற் குறளே (461) அழியப்போவது, அதனால் ஆகப்போவது, பின்னர்த் தொடர்ந்து வரும் ஊதியம் ஆகிய மூன்றையும் கணக்கிடச் சொல்கிறது. வரப்போகும் ஆக்கத்தைக் கருதிக் கையிலுள்ள முதலை இழக்கும் வினையை அறிவுடையார் மேற்கொள்ளார் (463). ஊதியம், முதல் என்ற வணிகச் சொற்கள் அரசவினையில் வந்து நிற்பது தற்செயலன்று. வீரத்தின் மொழியில் இழப்பு புகழாகிவிடும். வணிகத்தின் மொழியில் இழப்பு இழப்பாகவே நிற்கும். வலியறிதலில் (471) எடைபோட வேண்டியவை நான்கு: வினையின் வலி, தன் வலி, மாற்றான் வலி, துணைவர் வலி. இவற்றுள் வினையின் வலி முதலில் வைக்கப்பட்டது. மேற்கொள்ளும் செயலே எவ்வளவு கனமானது என்பதை அறியாமல் படைகளை ஒப்பிட்டுப் பயனில்லை. தம் வலியை அறியாது ஊக்கத்தால் மட்டும் எழுந்து இடையில் முறிந்தவர் பலர் என்னும் குறளும் (473), மயிலிறகேயாயினும் அளவு கடந்தால் அச்சு முறியும் என்னும் குறளும் (475) இதன் விரிவே. வினைசெயல்வகையில் முடிவு, இடையூறு, முடிந்தபின் எய்தும் பெரும்பயன் ஆகியவற்றை எண்ணச் சொல்லும்போது (676), போர் முடிந்த பின்னுள்ள காலமும் கணக்குக்குள் வந்துவிடுகிறது.

இனி, எந்த இலக்கை நோக்கி இக்கணக்கு? விடை நாடு என்னும் அதிகாரத்தில் (74) உள்ளது. மிக்க பசியும் நீங்காத நோயும் புறத்தேயிருந்து வந்து அழிக்கும் பகையும் சேராமல் நடப்பது நாடு (734). மூன்றனுள் பகை ஒன்றே படையின் எல்லைக்குள் வருவது, அதுவும் மூன்றாவதாக. அடுத்த குறள் (735) பல்வேறு குழுக்களும் உள்ளிருந்து பாழாக்கும் பகையும் வேந்தனை அலைக்கும் கொலைத்தொழிற் குறும்பும் இல்லாமையைச் சேர்க்கிறது. வெளிப்பகை இல்லாத நாட்டையும் உட்பிளவு கெடுக்கும் என்பதை நூல் மறக்கவில்லை. அரசனுக்கு வெற்றி தருவது வேல் அன்று, கோணாத செங்கோலே என்று செங்கோன்மையில் (546) கூறியதும் இவற்றோடு வைத்து எண்ணத்தக்கது.

பொருட்பாலின் முதற் குறள் (381) உறுப்புகளை எண்ணும்போது படையை முதலில் வைப்பது இதற்கு முரணாகத் தோன்றலாம். பரிமேலழகர் அதனை உணர்ந்தே, அமைச்சு, நாடு, அரண், பொருள், படை, நட்பு என்பதே முறை என்றும், செய்யுள் நோக்கி அது பிறழ வைக்கப்பட்டது என்றும் உரைக்கிறார். அங்கவியலின் அதிகாரங்கள் அம்முறையிலேயே அமைந்திருப்பது அவர் கருத்துக்கு அரண். அரசனுடைய செல்வங்களுள் எல்லாம் தலையானது படை என்னும் குறளும் (761) இவ்வகையில் விளக்கம் பெறும். உடைமைகளுள் சிறந்தது என்பதால் அது உடைமை என்னும் நிலையினின்று நீங்கிவிடாது.

கௌடிலீயத்தோடு ஒப்புமை

1909இல் சாமசாஸ்திரி பதிப்பித்து வெளியிட்ட அர்த்தசாஸ்திரமும் அரசன், அமைச்சர், நாடு, அரண், கருவூலம், படை, நட்பு என்றே வரிசைப்படுத்துகிறது. கருவூலத்துக்கும் படைக்கும் நேரும் கேடுகளுள் எது கொடிது என்ற வாதத்தில் கௌணபதந்தர் படையின் கேடே கொடிது என்க, படைக்கு வேர் கருவூலம் எனக் கௌடிலியர் மறுக்கிறார். பகைவர் செருக்கை அறுக்கும் படைக்கலம் பொருளைக் காட்டிலும் கூரியது இல்லை என்னும் குறள் (759) இதனோடு ஒத்தது. போரும் உடன்படிக்கையும் ஒரே அளவு ஆக்கம் தருமாயின் உடன்படிக்கையைக் கொள்க என்பதும் கௌடிலியர் விதி. போரில் ஆள் இழப்பு, பொருட்செலவு, ஊர் நீங்கி இருத்தல், பாவம் ஆகியன உண்டு என்பது அவர் காட்டும் காரணம்.

ஒப்புமை இத்துடன் நிற்கிறது. அர்த்தசாஸ்திரத்தின் மையத்தில் இருப்பவன் வெல்ல விரும்பும் வேந்தன். அவனைச் சூழ்ந்த அரசர் வட்டம் அவன் விரிவுக்காகவே வரையப்படுகிறது. பொருட்பாலில் அத்தகைய வட்டம் இல்லை. காலமும் இடமும் அறிந்து செய்தால் உலகையே கருதினும் கைகூடும் என்று ஒரு குறள் (484) உண்டு. எனினும் உலகைக் கருத வேண்டும் என்று எங்கும் கூறவில்லை. பகை என்னும் பண்பில்லாததனை விளையாட்டாகவும் விரும்பற்க என்றும் (871), பகையை நட்பாக்கிக்கொள்வோனின் பெருமையில் உலகு தங்கும் என்றும் (874) கூறுபவர், இரு பகைவர்க்கிடையே துணையின்றி நிற்பவன் ஒருவனைத் துணையாக்கிக்கொள்க என்ற நடைமுறையையும் (875) விடவில்லை. முள்மரத்தை இளையதாக இருக்கும்போதே களையச் சொல்லும் குறளும் (879) அதே அதிகாரத்தில் உள்ளது. பகையைத் தேடாமையும் எழுந்த பகையை முளையிலேயே தடுத்தலும் அங்கு ஒரே கொள்கையின் இரு பக்கங்கள்.

எஞ்சும் இடர்ப்பாடு

இவ்வாறு கூறுவதால் திருக்குறளை முழுதும் தற்காப்பு நூல் எனக் கொள்ளுதல் பொருந்தாது. அரசனுக்குரிய பொருள்களுள் தானே வந்துறும் பொருள், சுங்கம் ஆகியவற்றோடு பகைவரை வென்று கொண்ட திறையும் எண்ணப்படுகிறது (756). போரால் வருவாய் உண்டு என்பதை நூல் மறைக்கவில்லை. ஆனால் அக்குறள் நிற்கும் இடம் பொருள்செயல்வகை. திறை ஒரு வருவாய் இனமாக, கணக்கில் எழுதப்படுவதாக நிற்கிறது. கணக்கில் எழுதப்படும் பொருள் 461ஆம் குறளின் அழிவோடும் ஊதியத்தோடும் வைத்து நிறுக்கப்படும்.

படையின் தோற்றத்தைப் பற்றிய குறளும் (768) எளிதில் கடந்து செல்லத்தக்கதன்று. தாக்கும் தறுகண்மையும் ஆற்றலும் இல்லையாயினும் தானை தன் படைத்தகையால் பெருமை பெறும் என்பது அது. தேர், யானை, குதிரை, கொடி, குடை, இயம் இவற்றோடு அணிந்து தோன்றும் அழகைப் பரிமேலழகர் அங்குச் சுட்டுகிறார். பொராமலே பகைவனை நிறுத்தும் படையும் தன் பணியைச் செய்துவிட்ட படையே என்பது இதனால் பெறப்படுகிறது. வலிமையைக் காட்டுதல் தும்பையில் போரின் நோக்கமாக இருந்தது; இங்கு அது போரைத் தவிர்க்கும் கருவியாகிறது. அடுத்த குறளில் (769) படை தேய்தலும் தீராத வெறுப்பும் வறுமையும் இல்லாவிடின் வெல்லும் என்கிறார். மூன்றும் படைவீரனால் தீர்க்கப்படுவன அல்ல. கருவூலமும் ஆட்சியும் தீர்க்க வேண்டியவை.

உண்மையான இடர்ப்பாடு படைச்செருக்கில் உள்ளது. அங்குத் தும்பையின் குரல் மாறாமல் ஒலிக்கிறது. கைவேலை யானைமேல் எறிந்துவிட்டு மார்பில் தைத்த வேலைப் பறித்து மகிழ்பவன் (774) இலக்கையோ ஊதியத்தையோ எண்ணவில்லை. இக்குரலைத் திருவள்ளுவர் நீக்கவும் இல்லை, தணிக்கவும் இல்லை. துன்புற்ற பகைவனுக்கு உதவும் ஊராண்மையை வீரத்தின் கூர்மை என்று ஒரு குறளில் (773) கூறியதைத் தவிர, அவ்வீரத்துக்கு அவர் கட்டுப்பாடு எதுவும் விதிக்கவில்லை. கட்டுப்பாடு முப்பது அதிகாரங்களுக்கு முன்பே, அரசன்மேல் விதிக்கப்பட்டுவிட்டது. உயிரை எண்ணாதவன் களத்தில் நிற்கிறான். ஆகவே அவனுக்காக எண்ண வேண்டியவன் அவனை அனுப்புபவன். படைச்செருக்கின் இறுதிக் குறளில் (780) அவ்வாறு அனுப்பிய ஆண்டவனே வந்து நிற்கிறான், வீழ்ந்தவனுக்காகக் கண்ணில் நீர் மல்க. அத்தகைய சாவு இரந்தாயினும் கொள்ளத்தக்கது என்பது வீரன் பக்கத்துக் கூற்று. அனுப்பியவன் பக்கத்தில் அக்கண்ணீர் எதன் கணக்கில் எழுதப்படும் என்பதற்கு அவ்வதிகாரத்தில் விடை இல்லை. அது தெரிந்துசெயல்வகையின் முதற் குறளில், அழிவது என்னும் முதற் சொல்லில் உள்ளது.